மலையில் கேமிங் கம்ப்யூட்டர்: மூன்று இலட்சத்தில் எதற்கு முதலிடம்?

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் தம்பி கேட்டிருப்பது இது. கையில் மூன்று இலட்சம் ரூபாய் இருக்கிறது, மொனிட்டரும் அதற்குள் வர வேண்டும். வலரண்ட், ஜிடிஏ 5 இரண்டும் விளையாட வேண்டும், சொந்தக்காரர் வீட்டு விசேஷ வீடியோக்களை எடிட் பண்ணியும் கொடுக்க வேண்டும். ஒரு கடையில் ஐ7 12700எஃப் புரோசசர், ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி ரேம், தண்ணீர்க் கூலர், கலர் லைட் கேசிங், அந்தக் கேசிங்கோடு வரும் 600 வாட் பவர் சப்ளை, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்ட் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் காசு போட்டு ஐ9 எடுக்கட்டுமா அண்ணா?" என்று முடித்திருக்கிறார். கேள்வி ஐ7ஆ ஐ9ஆ என்பது போலத் தெரிந்தாலும், தம்பிக்குத் தெரிய வேண்டியது அளவான காசில் எந்தச் சாமானுக்கு முதலிடம், எதைக் குறைத்தால் நட்டமில்லை என்பதுதான். அதோடு, இந்தக் கம்ப்யூட்டர் ஓடப்போவது மலையில். ஹட்டனில் பல வருடமாகக் கம்ப்யூட்டர் பூட்டுவதும் திருத்துவதும் என் தொழில் என்பதால், அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் கொட்டேஷன். ஐ9 வேண்டவே வேண்டாம்; ஐ7கூட உங்களுக்கு அதிகம். விளையாட்டில் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்ட். யார் எங்கே நிற்கிறார், சுட்டது பட்டதா, வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணக்குப் பார்த்து, அடுத்த பிரேமை (திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படத்தை) வரையச் சொல்லிக் கார்டுக்கு வேலை கொடுப்பது புரோசசர். புரோசசர் செக்கனுக்கு 150 பிரேமுக்கு வேலை தயார் பண்ணினாலும் கார்டால் 60 தான் வரைய முடியும் என்றால் திரையில் வருவது 60 தான். உங்கள் கொட்டேஷனில் 12 கோர் (கணக்குப் பார்க்கும் பகுதி) உள்ள புரோசசருக்குப் பக்கத்தில் 70 வாட் மட்டும் எடுக்கும் ஒரு சின்னக் கார்ட் உட்கார்ந்திருக்கிறது. அதிலும் 3050 என்ற பெயரில் இரண்டு கார்ட் இருக்கிறது. 8 ஜிபி கார்டில் 2560 கோர், நினைவகத்துக்குப் போய்வர 128 பிட் பாதை. 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட் பாதை. நினைவகம் மட்டும் குறைந்த அதே கார்ட் என்று நினைத்து வாங்குகிறார்கள், வேகமும் குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஐ7க்கும் தண்ணீர்க் கூலருக்கும் லைட்டுக்கும் போன காசில் மிச்சம்தான் கார்டுக்கு வந்திருக்கிறது. தலைகீழான கொட்டேஷன்.

வலரண்ட் மட்டும் இதற்குக் கொஞ்சம் விலக்கு. அது கார்டுக்கு இலேசான விளையாட்டு. அங்கே புரோசசரும் ரேமும்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். ஆனால் அதற்கும் ஆறு கோர் ஐ5 தாராளம். 144 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 144 முறை படம் மாற்றும்) மொனிட்டர் காட்டக்கூடியதைவிட அதிகமாகவே தரும். ஆகவே வலரண்டைக் காரணம் காட்டி ஐ7 வாங்கத் தேவையில்லை.

முடிவெடுக்கும் வரிசை மொனிட்டரிலிருந்து தொடங்க வேண்டும். 24 அங்குலம், 1080பி (1920க்கு 1080 புள்ளி), 144 அல்லது 165 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் வகைத் திரை. உங்கள் காசுக்கு அதுதான் எல்லை. 1440பி திரையில் புள்ளிகள் ஏறக்குறைய 1.8 மடங்கு, 4கே திரையில் நான்கு மடங்கு. அவ்வளவையும் வரைய இன்னும் பெரிய கார்ட் வேண்டும். திரை தீர்ந்தால் அதற்கு ஏற்ற கார்ட், கார்டுக்கு ஏற்ற புரோசசர், அப்புறம் மிச்சம். கொழும்பில் ஒருவர் கேட்டிருந்தால் பதிலை இதோடு தொடர்ந்து முடித்திருப்பேன். உங்களுக்கு, மொனிட்டருக்கும் முன்னால் சுவரில் இருக்கும் பிளக்கைப் பார்க்கச் சொல்வேன்.

நம் நாட்டு வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். டிரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீட்டில் அது 230 ஆகவே இருக்கும். தோட்டத்து லயங்களுக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, கம்பி நீண்ட தூரம் வருகிறது. சில இடத்தில் ஒரு மீட்டரிலிருந்து இரண்டு குடும்பம் எடுக்கிறது. உள்ளே இழுத்த வயரும் மெல்லியது. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர், கேத்தல், அயன் என்று போடும்போது கடைசி வீட்டில் வோல்டேஜ் இறங்கும். 200க்குக் கீழே போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கேசிங்கோடு இலவசம் போல வரும் பவர் சப்ளைகள் பல, 200 முதல் 240 வோல்ட் வரைக்கும் மட்டும் செய்தவை. வோல்டேஜ் அதற்குக் கீழே இறங்கும் வேளையில்தான் நீங்களும் விளையாட உட்காருவீர்கள். கம்ப்யூட்டர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மாற்றுவீர்கள், ரேமைக் கழற்றி மாட்டுவீர்கள், கார்டைக் கொழும்புக்கு அனுப்புவீர்கள். அங்கே அது ஒழுங்காக ஓடும், "பிழை ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். இப்படி அலைந்து களைத்துப் போய் என்னிடம் வந்தவர்கள் பலர்.

அதனால் பவர் சப்ளை வாங்கும்போது லேபிளில் இன்புட் என்ற இடத்தைப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருக்க வேண்டும். ஆக்டிவ் பிஎஃப்சி (உள்ளே வரும் கரண்டை ஒழுங்குபடுத்தி எடுக்கும் பகுதி) உள்ள நல்ல பவர் சப்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். வோல்டேஜ் இறங்கினாலும் அவை கூடுதல் ஆம்பியரை இழுத்துச் சமாளித்துவிடும். பின்னால் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் வைத்த பழைய வகையைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை அந்தச் சுவிட்சை 115க்குத் தள்ளிவிட்டால் போட்ட நொடியில் வெடிக்கும். 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது எவ்வளவு கரண்ட் வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று மட்டுமே. வோல்டேஜ் ஏறினால் தன்னைத் தானே நிறுத்துமா, ஷோர்ட் ஆனால் மற்றச் சாமான்களைக் காப்பாற்றுமா என்பதை அந்த முத்திரை சொல்லாது. தயாரித்தவர் ஐந்து வருட உத்தரவாதம் தருகிறாரா என்று பாருங்கள். அதைத்தான் நான் பெரிதும் நம்புவேன். வாட் அளவில் மயங்க வேண்டாம். உங்களுக்கு நான் சொல்லப்போகும் கம்ப்யூட்டர் முழு வேகத்தில் ஓடினாலும் 250 முதல் 300 வாட் வரைதான் எடுக்கும். நல்ல 550 வாட் போதும். 750 வாட் என்று எழுதிய மலிவான பெட்டியைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது யூபிஎஸ், அதாவது கரண்ட் போனால் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓட்டும் பெட்டி. மலையில் இதை நான் கம்ப்யூட்டரின் ஒரு பாகமாகவே கணக்கில் எடுக்கிறேன். மரக்கிளை கம்பியில் விழுவது, காற்றில் கம்பிகள் உரசுவது, அரை நொடி போய் வருவது எல்லாம் இங்கே சாதாரணம். ஒழுங்கான பவர் சப்ளை முழுச் சுமையில் 16 மில்லி செக்கன் அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். யூபிஎஸ் அதற்குள் கையில் எடுத்துவிடும். லைன் இன்டராக்டிவ், ஏவிஆர் உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். ஏவிஆர் இருந்தால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும்போது பற்றரிக்குப் போகாமலே தூக்கிக் கொடுக்கும். 650 விஏ என்பது 650 வாட் இல்லை, பெரும்பாலும் 360 வாட் அளவுதான் வரும். உங்கள் கம்ப்யூட்டருக்கும் மொனிட்டருக்கும் அது மட்டுமட்டாகக் காணும். 1000 விஏ என்றால் நிம்மதி. கரண்ட் போனால் சேவ் பண்ணிவிட்டு ஒழுங்காக அணைக்கத்தான் அந்த ஐந்து பத்து நிமிடம், தொடர்ந்து விளையாட இல்லை. பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டி வரும். ஒரு சந்தேகமான விஷயமும் உண்டு: மலிவான யூபிஎஸ் பற்றரியில் ஓடும்போது கொடுக்கும் சதுர அலைக் கரண்டை ஆக்டிவ் பிஎஃப்சி பவர் சப்ளைகள் சில ஏற்காமல் அணைந்துவிடும். பெரும்பாலான ஜோடிகள் பிரச்சினையில்லாமல் ஓடுகின்றன. எந்த ஜோடி ஓடாது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கடையிலேயே இரண்டையும் பூட்டி, ஒரு விளையாட்டை ஓடவிட்டு, யூபிஎஸ்ஸின் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இடி மின்னலுக்கு யூபிஎஸ் மருந்தில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கும் காலத்தில் பிளக்கைக் கழற்றுவதைத் தவிர வேறு நம்பகமான வழி கிடையாது. பலர் கரண்ட் பிளக்கைக் கழற்றிவிட்டு லேன் வயரை மறந்துவிடுகிறார்கள். நம் பக்கம் சிக்னல் குறைவு என்று கூரைமேல் 4ஜி அன்டெனா வைத்து, அதிலிருந்து ரவுட்டருக்கும் ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கும் வயர் இழுப்பார்கள். அந்த வயர் வழியே இறங்கி லேன் போர்ட்டோடு மதர்போர்ட் செத்துப்போய் வருவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். பைபர் கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது, ஆனால் பைபர் ரவுட்டருக்கும் ஒரு அடப்டர் பிளக்கில்தானே இருக்கிறது. இன்னொன்று ஏர்த். மூன்று கால் பிளக் இருப்பதால் ஏர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய லயங்களில் மூன்றாவது கால் வெறும் துளையாகவே இருக்கும். சர்ஜ் புரொடெக்டர் எக்ஸ்டென்ஷன் கோட் முழுதாக வேலை செய்யவும், உங்கள் கையில் ஷொக் அடிக்காமல் இருக்கவும் ஏர்த் வேண்டும். கேசிங்கைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்றால் அதுதான் காரணம். தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு ஏர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். கார்டுக்குப் போகும் காசோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

சரி, இப்போது கார்ட். மொத்தக் காசில் மூன்றில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும். ஆர்டிஎக்ஸ் 4060 கிடைத்தால் எனக்கு அதுதான் விருப்பம், 115 வாட்டில் ஓடுகிறது. அதைவிடப் புதிய 5060க்கு 145 வாட், 5050க்கு 130 வாட். விலையைப் பார்த்து முடிவெடுங்கள். இந்த வாட் கணக்கை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு பில்லும் ஒரு காரணம். 250 வாட்டை நான்கு மணித்தியாலம் ஓட்டினால் ஒரு யூனிட், மாதம் 30 யூனிட். மின்சார சபை பில்லில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் முறையே மாறிவிடும். ஐம்பது யூனிட்டில் நிற்கும் வீட்டில் இந்த 30 சேர்ந்தால் அம்மாவுக்கு பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். எடிட்டிங்குக்கும் என்விடியா கார்டில் வீடியோவை வெளியே எடுக்கும் தனிப் பகுதி நன்றாக இருக்கிறது. இன்டெல் பி580 கார்டில் 12 ஜிபி நினைவகம் கிடைக்கிறது, நல்ல சாமான்தான்; ஆனால் பழைய புரோசசரோடு போட்டால் வேகம் கெடும், ரீசைசபிள் பார் (புரோசசர் கார்டின் முழு நினைவகத்தையும் ஒன்றாக எட்டும் வசதி) இல்லாத மதர்போர்டில் போடவே கூடாது. இந்த 4060, 5060, 5050 மூன்றுமே 8 ஜிபி. அது எத்தனை வருடம் காணும்? ஜிடிஏ 5, வலரண்ட் இரண்டுக்கும் பிரச்சினை இல்லை. புதிய பெரிய விளையாட்டுகள் சில, படத்தின் தரத்தை உச்சத்தில் வைத்தால் 1080பி திரையிலேயே 8 ஜிபியைத் தாண்டுகின்றன; தாண்டினால் படம் விக்கி விக்கி ஓடும், டெக்ஸ்சரை, அதாவது மேற்பரப்புப் படங்களின் தரத்தை, ஒரு படி இறக்கினால் சரியாகும். மூன்று வருடத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று யார் உறுதியாகச் சொன்னாலும் அது ஊகம்தான்.

புரோசசர் விஷயத்தில் மற்றவர்கள் சொல்வதிலிருந்து நான் கொஞ்சம் விலகுகிறேன். வழக்கமாக எல்லாரும் ரைசன் 5 5600 அல்லது ஐ5 12400எஃப் என்பார்கள். இரண்டும் ஆறு கோர், இரண்டும் அருமையான சாமான். ஆனால் இரண்டிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. இன்டெல் புரோசசரின் கடைசியில் வரும் எஃப் எழுத்துக்கு அர்த்தமே அதுதான். கார்ட் பழுதாகி உத்தரவாதத்துக்குக் கொழும்புக்குப் போனால், திரும்பி வரும் வரை கம்ப்யூட்டரில் படமே வராது. கொழும்பில் இருப்பவர் பின்னேரம் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்துவிட்டு வருவார். நமக்கு அது வாரக்கணக்கு. எஃப் இல்லாத ஐ5 12400க்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால், கார்ட் இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும், எடிட்டிங் நிற்காது, வலரண்டைக்கூட தரத்தைக் குறைத்து ஓட்டலாம். அதோடு அந்த உள் கிராபிக்ஸில் இருக்கும் குயிக் சிங்க் என்ற வீடியோ வசதி, போனில் எடுத்த எச்265 வகை (இறுக்கிச் சுருக்கிய) வீடியோக்களை டைம்லைனில் இழுக்கும்போது நன்றாகவே கை கொடுக்கும். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சொக்கெட் பக்கம் போனால் இன்னும் சில வருடம் புரோசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழி இருக்கிறது, ரைசன் 5 7600லும் சின்னதாக உள் கிராபிக்ஸ் உண்டு. ஆனால் அதற்குப் புதிய வகையான டிடிஆர்5 ரேம் கட்டாயம். 2025 இறுதியில் உலகம் முழுக்க ரேம் விலை ஏறிய பிறகு மூன்று இலட்சத்துக்குள் அதை அடக்குவது கஷ்டம். பாவித்த 13ஆம், 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் எடுக்காதீர்கள். கூடுதல் வோல்டேஜில் ஓடி அவற்றில் சில நிரந்தரமாகக் கெட்டன. இன்டெல் 2024 ஓகஸ்டில் அதற்கான மைக்ரோகோட் (புரோசசருக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தத்தை வெளியிட்டது. திருத்தம் போட முன்பே கெட்டதை அது குணப்படுத்தாது. 12ஆம் தலைமுறைக்கு இந்தத் தொல்லை இல்லை.

ரேமில் ஒரே ஒரு விஷயம்: 16 ஜிபியை 8, 8 என இரண்டு ஸ்டிக்காகக் கேளுங்கள். ஒரே ஸ்டிக் என்றால் ரேமுக்கும் புரோசசருக்கும் இடையில் பாதை பாதி. வலரண்ட் போன்ற விளையாட்டில் அது நன்றாகவே தெரியும். பூட்டிய பிறகு பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக வசதியைப் போட்டு 3200க்கு ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல கடைகளில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மதர்போர்ட் பி660 அல்லது பி760, டிடிஆர்4 வகை. காசு இறுக்கினால் எச்610கூட 12400க்குப் போதும். எஸ்எஸ்டி என்விஎம்இ 1 டிபி. அதில் வேகமான, விலை கூடிய மாடலுக்குப் போக வேண்டாம், விளையாட்டு திறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் கிடைக்காது.

கூலர் விஷயத்தில் மலை நமக்குக் காசு மிச்சம் பிடித்துத் தருகிறது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், காற்று ஐதாக இருப்பதால் ஒரே வேகத்தில் சுற்றும் பேன் கொஞ்சம் குறைவாகவே சூட்டை எடுத்துப் போகும். ஆனால் கொழும்பு அறையில் 30 பாகை இருக்கும்போது நம் அறையில் 18, 20 பாகை. இரண்டையும் கூட்டிக் கழித்தால் நமக்கே இலாபம். தலவாக்கலையிலும் கதை ஏறக்குறைய அதேதான். 12400 பெட்டியோடு வரும் கூலரே போதும், தண்ணீர்க் கூலர் முழுக்க வீண் செலவு. கேசிங்கில் முன்னால் காற்றுப் போகும் வலையும் இரண்டு பேனும் இருந்தால் சரி.

நம் எதிரி சூடு இல்லை, ஈரம். ஜூன், ஜூலை மழையில் வாரக்கணக்கில் சுவர் காயாது. கேசிங்கை சீமெந்துத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல், வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மாதக்கணக்கில் போடாமல் வைப்பதுதான் கெடுதல்; தினம் கொஞ்சம் ஓடினால் உள்ளே இருக்கும் சூடே ஈரத்தை விரட்டிவிடும். சமையலறைக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். விறகடுப்புப் புகை பேனிலும் கூலரிலும் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு தூசியைப் பிடித்து வைக்கும், ஊதினால் போகாது. கரண்ட் இல்லாத குளிர்ந்த கம்ப்யூட்டரைக் கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டு போனால், அங்கிருக்கும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தில் பட்டு உள்ளே வியர்க்கும். இறக்கிய கையோடு போடாமல் இரண்டு மணித்தியாலம் விட்டுப் போடச் சொல்லுங்கள்.

பாவித்த சாமான் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கார்ட் என்றால், 2022 செப்டெம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கார்டுகளால் உண்டாக்கும் மைனிங் முடிந்த பிறகு அந்த வேலைக்கு ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியதால் சிப் கெட்டுவிடும் என்பது நிரூபணமான விஷயம் இல்லை. பேனும் உள்ளே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும் தேய்ந்திருக்கும் என்பது நிச்சயம். அரை மணித்தியாலம் முழுச் சுமையில் ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பின்பக்கத் தகட்டில் துரு, சொக்கெட்டில் பச்சைப் பூச்சு இருந்தால் ஈரத்தில் அல்லது கடற்கரைப் பக்கம் கிடந்தது, விட்டுவிடுங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாக வரும். மதர்போர்டோடு பேச அதற்கு நான்கு பாதைதான், பழைய பிசிஐ 3 மதர்போர்டில் போட்டால் வேகம் விழும். அலுவலகங்களில் ஓடிய பழைய ஐ5 நான்காம் தலைமுறைப் பெட்டிகளில் கார்ட் போடலாம் என்ற யோசனை முன்பு சரியாக இருந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது, அந்தப் புரோசசர்களுக்கு விண்டோஸ் 11 முறைப்படி வராது, விண்டோஸ் 11இல் வலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். ஆகவே இப்போது அந்த வழியில் போகாதீர்கள். பவர் சப்ளையைப் பாவித்ததாக ஒருபோதும் வாங்க வேண்டாம்.

கொழும்பில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் யூனிட்டி பிளாசா பக்கம் வாங்கினாலும் கண்டியில் வாங்கினாலும் பில்லின் அடியில் இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். ஒரு வருடம் என்பது 350 நாள் என்று எழுதியிருப்பார்கள். எரிந்த அடையாளம், துரு, இடி மின்னல் இருந்தால் உத்தரவாதம் இல்லை என்றும் இருக்கும். மலையில் சாமான் சாவது பெரும்பாலும் இந்த மூன்றால்தான். ஒரு கடை, பெட்டி இல்லை என்று ஒரு பையனின் கார்டைத் திருப்பி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன், எல்லாப் பெட்டிகளையும் பத்திரமாக வையுங்கள். பூட்டிய கேசிங்கை பஸ்ஸில் கொண்டு வந்தால் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் தனியாகக் கொண்டு வாருங்கள். கித்துல்கலை தாண்டி கினிகத்தேனை ஏறும் வளைவுகளில் பாரமான கார்ட் ஆடி ஆடி சொக்கெட்டை உடைத்துவிடும்.

ரூபாய்க் கணக்கில் ஒவ்வொரு சாமானின் விலையையும் நான் எழுதாததற்குக் காரணம் டொலர். 2022இல் சில மாதத்தில் 200லிருந்து 360க்குப் போனதை எல்லாரும் பார்த்தோம். இன்று எழுதும் விலை அடுத்த மாதம் பொய்யாகலாம். பதிலாக, காசு இடித்தால் வெட்டும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் கேசிங், அழகு வேண்டாம். அடுத்து எஸ்எஸ்டியை 500 ஜிபிக்கு இறக்குங்கள், பிறகு சேர்க்கலாம். அப்புறமும் காணாவிட்டால் புரோசசரை ஐ3 12100க்கு இறக்குங்கள். நான்கு கோர்தான், உள் கிராபிக்ஸ் உண்டு, எடிட்டிங் மெதுவாகும், விளையாட்டு ஓடும், நாளைக்கு அதே மதர்போர்டில் 12400 போடலாம். அதற்கும் பிறகுதான் கார்டில் கை வைக்க வேண்டும். பவர் சப்ளையிலும் யூபிஎஸ்ஸிலும் வெட்ட வேண்டாம். இரண்டும் சேர்ந்து மொத்தக் காசில் ஏழில் ஒரு பங்கு வந்தாலும் கொடுங்கள்.

இந்தக் கிழமையே ஒரு வேலை செய்யுங்கள். பிளக்கில் குத்தினால் வோல்டேஜ் காட்டும் சின்ன மீட்டர் கடைகளில் கிடைக்கும். பின்னேரம் ஏழு மணிக்கும் எட்டரைக்கும் நான்கைந்து நாள் பார்த்து எண்ணை எழுதி இங்கே போடுங்கள், கடைக்காரர் தரும் புதிய கொட்டேஷனில் பவர் சப்ளையின் மாடல் பெயரையும் கேட்டு எழுதுங்கள். வோல்டேஜ் 210க்கு மேலேயே நின்றால் சாதாரண ஏவிஆர் யூபிஎஸ்ஸோடு முடித்துவிடலாம். 190க்குக் கீழே போகிறது என்றால் கம்ப்யூட்டர் வாங்க முன்னால் மின்சார சபைக்கு எழுத்தில் ஒரு முறைப்பாடு கொடுத்து, வீட்டுக்குள் வரும் வயரையும் மாற்ற வேண்டும். அதற்கு என்ன எழுதுவது என்று அப்போது சொல்கிறேன்.